அகலம் உள்ளே போகட்டும், உயரம் வெளியே வரட்டும்

தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. நிதானமாகவே பேசுவோம்.

கணினித் திரையில் ஒரு சாளரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்பகுதியில் ஒரு பேனல், அதற்குள் வரிசையாக ஆறு பட்டன்கள். அதற்குக் கீழே பெரிய உரைப்பெட்டி ஒன்று. சாளரம் அகலமாக இருக்கும்போது எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. வலது ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுக்கிறீர்கள். இடம் போதாமல் போகிற பட்டன், பத்தியில் சொற்கள் இறங்குவது போல அடுத்த வரிக்கு இறங்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். புரோகிராமர்கள் ‘ராப்’ என்று சொல்வது இதைத்தான். ஆனால் பட்டன் இறங்கவில்லை, காணாமல் போகிறது. சாளரத்தை மறுபடி விரித்தால் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வருகிறது.

டெஸ்க்டாப் மென்பொருள் எழுத வருகிறவர்களில் பலர் இங்கேதான் முதலில் இடறுகிறார்கள். உடனே கைக்கு வருகிற வைத்தியம், எங்காவது ஓர் எண்ணைத் திணிப்பது. பேனலுக்கு உயரம் 80 பிக்சல் என்று எழுதினால் அந்த நேரத்துக்குச் சரியாகிவிடும். அடுத்த மாதம் ஏழாவது பட்டன் வரும், இன்னொருவர் தன் கணினியில் எழுத்தளவைக் கூட்டி வைத்திருப்பார், வேறொருவர் பட்டன்களின் பெயரைத் தமிழில் போடுவார். அந்த 80 பொய்யாகிவிடும்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. மடங்குகிற எதற்கும் அகலம் வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும், உயரம் உள்ளிருந்து வெளியே போக வேண்டும். பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கும்போது நடுவில் ஏதோ ஒரு பெட்டி அந்த அகலத்தை உள்ளே சொல்லாமல் விட்டுவிடுகிறது. அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டால் வைத்தியம் தானே தெரிந்துவிடும்.

கேட்காமல் விட்ட கேள்வி

பெட்டிக்குள் பொருள்களை ஒழுங்குபடுத்துகிற எந்த லேஅவுட்டுக்கும் இரண்டு வேலைகள். ஒன்று அளப்பது: உள்ளே இருப்பவற்றுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட்டு வெளியே இருக்கும் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். இன்னொன்று அடுக்குவது: கிடைத்த இடத்தில் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு நேரத்தில் நடக்கின்றன. அளக்கும்போது சொன்ன கணக்கும் அடுக்கும்போது போட்ட கணக்கும் ஒத்துப்போனால் திரை ஒழுங்காக இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் ஏதாவது மறையும், இல்லையென்றால் தேவையில்லாத வெற்றிடம் தெரியும்.

ஒரு சாதாரண பட்டனை அளப்பதில் சிக்கல் இல்லை. அதன் எழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான் அகலம், அவ்வளவுதான் உயரம். மடங்குகிற பொருளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. கையில் இருக்கிற டம்ளர் தேநீரை டபராவில் ஊற்றிப் பாருங்கள். அதே தேநீர்தான், டம்ளரில் உயர்ந்து நிற்கிறது, டபராவில் தாழ்ந்து பரவுகிறது. தேநீரின் உயரம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், எந்தப் பாத்திரத்தில் என்று நாம் திருப்பிக் கேட்போம். மடங்குகிற பத்தியும் பட்டன் வரிசையும் அப்படித்தான். அகலத்தைச் சொல்லாமல் உயரத்தைக் கேட்பது முழுமையான கேள்வியே இல்லை. முழுமையில்லாத கேள்விக்கு ஒரு விட்ஜெட் (திரை உறுப்பு) ஏதாவது ஓர் ஊகத்தைத்தான் பதிலாகச் சொல்லும். நாம் பார்க்கிற குளறுபடி பெரும்பாலும் அந்த ஊகத்திலிருந்து வருகிறது.

ஜாவாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இதை எண்களில் பார்க்க ஜாவா நல்ல இடம். 1996-இல் ஜாவாவின் முதல் பதிப்போடு ஏடபிள்யூடி என்ற வரைகலைத் தொகுப்பு வந்தது. ஃப்ளோ லேஅவுட், பார்டர் லேஅவுட், கிரிட் லேஅவுட் எல்லாம் அதிலேயே இருந்தன. 1998 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பில் ஸ்விங் என்ற அடுத்த வரைகலைத் தொகுப்பு ஜாவாவுக்குள்ளேயே சேர்ந்தது. அதே லேஅவுட்டுகளை ஸ்விங் இன்றும் பயன்படுத்துகிறது.

நம் ஆறு பட்டன்களை ஃப்ளோ லேஅவுட் உள்ள பேனலில் வைப்போம். ஒவ்வொரு பட்டனும் 90 பிக்சல் அகலம், 30 பிக்சல் உயரம். ஃப்ளோ லேஅவுட் தானாக விடுகிற இடைவெளி நான்கு ஓரங்களிலும், பட்டன்களுக்கு நடுவிலும் 5 பிக்சல். அந்தப் பேனலை பார்டர் லேஅவுட்டில் வடக்கு எனப்படும் மேல்பகுதியில் வைக்கிறோம். சாளரம் சுருங்கியதில் பேனலுக்கு 320 பிக்சல் அகலம் மிஞ்சுகிறது.

முதலில் அளக்கும் வேலை. உனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் ஃப்ளோ லேஅவுட் எல்லாப் பட்டன்களையும் ஒரே வரியில் வைத்துத்தான் கணக்குப் போடும். ஆறு தொண்ணூறு 540, நடுவில் ஐந்து இடைவெளி 25, இரு ஓரமும் 10. மொத்தம் 575 அகலம். உயரத்துக்கு ஒரு வரி 30, மேலும் கீழும் 10. மொத்தம் 40. சாளரம் குறுகினாலும் விரிந்தாலும் அதன் பதில் இதே 575-க்கு 40 தான்.

அடுத்து அடுக்கும் வேலை. இப்போது அதே ஃப்ளோ லேஅவுட் தன் பேனலின் உண்மையான அகலத்தைப் பார்க்கிறது. 320-இல் ஓரங்கள் போக 310. மூன்று பட்டனும் இரண்டு இடைவெளியும் 280, அது அடங்கும். நான்காவதைச் சேர்த்தால் 375, அடங்காது. ஆகவே நான்காவது பட்டன் ஒழுங்காக இரண்டாம் வரிக்கு இறங்குகிறது. இரண்டாம் வரி எங்கே தொடங்கும்? மேல் ஓரம் 5, முதல் வரி 30, இடைவெளி 5. ஆக 40-ஆவது பிக்சலில். பேனலின் உயரமே 40 தான். இரண்டாம் வரி முழுக்கப் பேனலுக்கு வெளியே விழுந்துவிட்டது. தேவைப்பட்ட உயரம் 75, கிடைத்தது 40.

பட்டன்கள் இறங்கத்தான் செய்தன. இறங்கிய இடத்தில் பார்க்கத் திரைதான் இல்லை. அளக்கும் கணக்கு ஒரு வரி என்றது, அடுக்கும் கணக்கு இரண்டு வரி என்றது. நடுவில் மாட்டிக்கொண்டவை மூன்று பட்டன்கள்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பார்டர் லேஅவுட் தன் பங்கைச் சரியாகவே செய்கிறது. வடக்குப் பகுதியில் உள்ள பேனலுக்கு முதலில் அகலத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் அதன் விருப்ப அளவைக் கேட்கிறது. அந்த அகலத்தை ஃப்ளோ லேஅவுட்தான் அளக்கும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. ஸ்விங்கின் அடிப்படை ஏற்பாட்டிலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. லேஅவுட்டிடம் விருப்ப அளவு கேட்கிற அந்த முறையில், இந்த அகலத்தில் என்று சொல்லி அனுப்ப இடமே கிடையாது. பேனலைக் கொடுத்து, எவ்வளவு வேண்டும் என்று கேட்க மட்டுமே முடியும்.

ஸ்விங்கில் பலரும் எடுக்கிற தீர்வு, ஃப்ளோ லேஅவுட்டிலிருந்து ஒரு வகுப்பை வருவித்து அளக்கும் முறையை மாற்றி எழுதுவது. பேனலுக்கு இப்போது இருக்கிற அகலத்தை எடுத்துக்கொண்டு, அடுக்கும்போது செய்கிற அதே கணக்கைப் போட்டு, எத்தனை வரி வருமோ அத்தனைக்கு உயரம் சொல்ல வேண்டும். சாளரம் முதன்முதலாகத் திறக்கும்போது பேனலின் அகலம் பூஜ்யமாக இருக்கும். அப்போது மட்டும் வெளிப்பெட்டிகளில் ஏறிப் போய், அகலம் தெரிந்த முதல் பெட்டியின் அளவை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் கிடைக்கவில்லை என்றால் ஒரே வரி என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றில் திருத்திக்கொள்ளலாம்.

அந்த அடுத்த சுற்று தானாக வராது என்பதையும் நினைவில் வையுங்கள். பேனலைச் செங்குத்தான பாக்ஸ் லேஅவுட்டுக்குள் வைத்திருந்தால், அது தன் குழந்தைகளின், அதாவது தனக்குள் இருக்கும் உறுப்புகளின், அளவுகளை ஒருமுறை வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்ளும். பேனலின் அகலம் மாறியதும் பேனலே ‘ரீவேலிடேட்’ செய்து, என் பழைய அளவு செல்லாது, மறுபடி கேளுங்கள் என்று மேலே தெரிவிக்க வேண்டும்.

உருள்பெட்டிக்குள் வைத்தால் இன்னொரு முடிச்சு விழும். ஸ்விங்கின் ஸ்க்ரோல் பேன் உள்ளே இருப்பதை அதன் விருப்ப அகலத்தை விடக் குறுக்காது. சாதாரணப் பேனல் 575 கேட்டால் 575 கொடுத்துவிட்டு, அடியில் கிடைமட்ட ஸ்க்ரோல் பாரை நீட்டும். அகலம் எவ்வளவு கேட்டாலும் கிடைக்கிற இடத்தில் எதற்கு மடங்க வேண்டும்? அந்தப் பேனல் ‘ஸ்க்ரோலபிள்’ என்ற இடைமுகத்தை ஏற்று, வெளியே தெரியும் பகுதியின் அகலமே என் அகலம் என்று சொன்னால்தான் மடங்கத் தொடங்கும். வரி மடங்கும் வசதியை இயக்கிய டெக்ஸ்ட் ஏரியா இதைத் தானே சொல்லிவிடுகிறது. அதனால்தான் அது உருள்பெட்டிக்குள் ஒழுங்காக மடங்குகிறது, நம் பட்டன் வரிசை மடங்குவதில்லை.

ஒரே கணக்கு, இரண்டு வேலை

க்யூடி இந்தக் கேள்வியை முழுமையாகக் கேட்கக் கற்றுக்கொண்ட ஒரு கருவித்தொகுப்பு. அதில் ஒவ்வொரு லேஅவுட் உறுப்பிடமும் இரண்டு விஷயம் கேட்கலாம். உன் உயரம் அகலத்தைப் பொறுத்து மாறுமா? மாறும் என்றால், இந்த அகலத்துக்கு எவ்வளவு உயரம்? இரண்டாவது கேள்வியில் அகலம் ஓர் எண்ணாகவே உள்ளே போகிறது. பாக்ஸ் லேஅவுட்டும் கிரிட் லேஅவுட்டும் அந்த எண்ணைத் தங்கள் குழந்தைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, வந்த உயரங்களைச் சேர்த்து மேலே அனுப்புகின்றன.

க்யூடியோடு வருகிற எடுத்துக்காட்டு நிரல்களில் ஃப்ளோ லேஅவுட் என்று ஒன்று உண்டு. இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் அதை ஒருமுறை பொறுமையாக வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதன் நடுவில் இருப்பது ஒரே ஒரு செயற்கூறு. அதற்கு ஒரு செவ்வகமும், ஆம் அல்லது இல்லை என்ற ஒரு குறியும் போகிறது. இடமிருந்து வலமாகப் போய், இடம் போதாதபோது வரி இறங்கி, கடைசியில் மொத்த உயரத்தைத் திருப்பித் தருகிறது. குறி ‘ஆம்’ என்றால் வெறும் ஒத்திகை, எதையும் நகர்த்தாது. ‘இல்லை’ என்றால் பொருள்களை உண்மையாகவே வைக்கும். உயரம் கேட்கும்போது ஒத்திகையாக அழைக்கிறார்கள், அடுக்கும்போது நிஜமாக அழைக்கிறார்கள்.

இதில் இருக்கிற ஞானத்தைப் பாருங்கள். அளக்கவும் அடுக்கவும் ஒரே கணக்கு என்பதால் இரண்டும் முரண்பட வழியே இல்லை. ஜாவாவில் நாம் பார்த்த 40-க்கும் 75-க்கும் இடையிலான சண்டை இங்கே நடக்கவே நடக்காது. எந்த மொழியில், எந்தக் கருவித்தொகுப்பில் லேஅவுட் எழுதினாலும் இந்த ஒழுங்கைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். அளப்பதற்கு ஒரு சுழற்சி, அடுக்குவதற்கு வேறொரு சுழற்சி என்று தனித்தனியாக எழுதினால், என்றைக்காவது ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துவிடுவோம்.

க்யூடியிலும் சங்கிலி அறுகிற இடங்கள் உண்டு. ஸ்க்ரோல் ஏரியாவில் ‘விட்ஜெட் ரீசைசபிள்’ என்ற பண்பு இயல்பாக அணைந்தே இருக்கும். அதை இயக்காவிட்டால் வெளியே நடக்கிற அகல மாற்றம் உள்ளே எட்டாது. வரி மடங்காத நீளமான லேபிள் ஒன்று ஏதோ ஓர் ஆழத்தில் இருந்தால் சாளரமே குறுக மறுக்கும். அந்த லேபிளின் குறைந்தபட்ச அகலம் அதன் முழு வாசகத்தின் அகலமாக இருப்பதும், அது ஒவ்வொரு பெட்டியாக ஏறி மேலே வரை வந்துவிடுவதும்தான் காரணம். சாளரம் குறுகவில்லை என்று புகார் வந்தால் முதலில் அப்படியொரு லேபிளைத் தேடுங்கள்.

எல்லையில்லாத அகலம்

2006-இல் டாட்நெட் 3.0 பதிப்போடு வந்த டபிள்யூபிஎஃப் என்ற கருவித்தொகுப்பு, அளப்பதையும் அடுக்குவதையும் பெயர் சொல்லியே இரண்டு கட்டங்களாகப் பிரித்தது. அளக்கும் கட்டத்தில் வெளிப்பெட்டி, உனக்குக் கிடைக்கக்கூடிய இடம் இவ்வளவு என்று ஓர் அளவை உள்ளே அனுப்புகிறது. குழந்தை அதைப் பார்த்துத் தன் தேவையைச் சொல்கிறது. கேள்வி முழுமையாகிவிட்டது, இனிச் சிக்கலே இல்லை என்று தோன்றும். சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. அனுப்புகிற அளவு முடிவிலியாகவும் இருக்கலாம்.

ஸ்டேக் பேனல் தான் அடுக்குகிற திசையில் குழந்தைகளுக்கு முடிவில்லாத இடத்தைச் சொல்கிறது. கிடைமட்ட ஸ்டேக் பேனலுக்குள் ஒரு ராப் பேனலை வைத்தால், அதற்கு அகலம் முடிவிலி என்று செய்தி போகும். முடிவில்லாத அகலத்தில் எதுவும் மடங்காது, ஆறு பட்டன்களும் ஒரே வரியில் நிற்கும். மடங்கச் சொன்ன டெக்ஸ்ட் பிளாக்கும் அதற்குள் மடங்காது. கிரிட்டில் ‘ஆட்டோ’ என்று அகலம் கொடுத்த நெடுவரிசையும் இதையே செய்யும். நட்சத்திரக் குறி போட்ட நெடுவரிசை மட்டும், மிச்ச அகலத்தில் உன் பங்கு இவ்வளவு என்று உறுதியான எண்ணைச் சொல்லும்.

பட்டியல் பெட்டிக்குள் படங்களை ராப் பேனலால் அடுக்க முயன்று, எல்லாம் ஒரே நீண்ட வரியாக ஓடுவதைப் பார்த்து மலைத்தவர்கள் பலர். அந்தப் பெட்டிக்குள் ஸ்க்ரோல் வியூவர் ஒன்று ஒளிந்திருக்கிறது. கிடைமட்டமாக உருள அதற்கு அனுமதி இருக்கும்வரை அது உள்ளே முடிவிலியைத்தான் அனுப்பும். கிடைமட்ட ஸ்க்ரோல் பாரை ‘டிசேபிள்டு’ என்று வைத்ததும் உண்மையான அகலம் உள்ளே போய், படங்கள் மடங்கத் தொடங்குகின்றன. ‘ஹிட்டன்’ என்று வைத்தால் போதாது. பார் கண்ணில் படாமல் போகுமே தவிர, உருள்வதற்கான அனுமதி அப்படியே இருக்கும்.

ஸ்விங்கின் ஸ்க்ரோல் பேனும் டபிள்யூபிஎஃப்பின் ஸ்க்ரோல் வியூவரும் சொல்லித் தருவது ஒரே பாடத்தை. எந்தத் திசையில் உருள அனுமதிக்கிறோமோ அந்தத் திசையில் மடங்குவதற்குக் காரணம் இல்லாமல் போகிறது. பக்கவாட்டில் மடங்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் உருளும் உரிமையை எடுத்துவிட வேண்டும்.

திருத்திக்கொண்ட ஒரு தொகுப்பு

அளவு கேட்கும் இந்தக் கேள்வியின் வளர்ச்சியை ஜிடிகே என்ற கருவித்தொகுப்பின் வரலாற்றில் தெளிவாகப் பார்க்கலாம். ஜிடிகே 2-இல் ஒரு விட்ஜெட் சொல்லக்கூடியது ஒரே ஓர் அகலமும் ஒரே ஓர் உயரமும். மடங்குகிற லேபிள் தானே ஓர் அகலத்தை ஊகித்து அதில் மடங்கிக்கொள்ளும். சாளரத்தை எவ்வளவு விரித்தாலும் அந்தப் பத்தி பழைய அகலத்திலேயே நிற்கும். 2011-இல் வந்த ஜிடிகே 3 இதை வேரிலேயே மாற்றியது. குறைந்தபட்ச அளவு, இயல்பான அளவு என்று இரண்டு சொல்லலாம், இந்த அகலத்துக்கு எவ்வளவு உயரம் என்று கேட்கவும் கேட்கலாம். 2014-இல் 3.12 பதிப்பில் ஃப்ளோ பாக்ஸ் என்ற மடங்கும் பெட்டியும் சேர்ந்தது. 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4 எல்லாக் கேள்விகளையும் ‘மெஷர்’ என்ற ஒரே முறைக்குள் கொண்டுவந்தது. எந்தத் திசையில் அளவு வேண்டும், மற்றத் திசையில் எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டையும் அதில் சொல்ல வேண்டும். மற்றத் திசை தெரியாது என்றால் -1. தெரியாது என்பதைக் கூட ஓர் எண்ணாக வெளிப்படையாகச் சொல்லவைத்தது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. எங்கே ஊகம் நடக்கிறது என்பது நிரலைப் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

குறைந்தபட்ச அகலத்தில் ஓர் எச்சரிக்கை. மடங்குகிற லேபிளை எவ்வளவு நெருக்கலாம்? அதில் உள்ள மிக நீளமான சொல் நிற்கிற அளவுக்கு நெருக்கலாம். அந்த அகலத்தில் உயரம் கேட்டால், வரிக்கு ஒரு சொல்லாகப் பத்தி கோபுரம் போல நிமிரும். குறைந்தபட்ச அகலத்தையும் அதற்கான உயரத்தையும் சேர்த்துச் சாளரத்தின் எல்லையாக்கினால் திரையில் அடங்காத உயரம் வரலாம். ஆகவே மடங்கும் லேபிளுக்கு இத்தனை எழுத்து அகலமாவது வேண்டும் என்று ஒரு கீழ்வரம்பு வைப்பது நல்லது. ஜிடிகேயில் அதற்கென்றே ‘விட்த் சார்ஸ்’ என்ற பண்பு உண்டு. பிக்சலில் சொல்லாமல் எழுத்துக் கணக்கில் சொல்வதால், எழுத்தளவு பெரிதானால் வரம்பும் கூடவே பெரிதாகும்.

மிச்சமும் பற்றாக்குறையும்

சாளரம் விரியும்போது மிச்சமாகிற இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்யாமல் விட்டால் லேஅவுட் தன் இஷ்டத்துக்குச் செய்துகொள்ளும். ஸ்விங்கின் கிரிட்பேக் லேஅவுட்டில் எடை எனப்படும் ‘வெயிட்’ இயல்பாகப் பூஜ்யம். யாருக்கும் எடை கொடுக்காவிட்டால் எல்லாம் நடுவில் குவிந்து நிற்கும், மிச்ச இடம் சுற்றிலும் வெறுமையாகக் கிடக்கும். பற்றாக்குறை வரும்போது அது இன்னும் கடுமையானது. விருப்ப அளவுக்கு ஒரு பிக்சல் குறைந்தாலும் எல்லாவற்றையும் குறைந்தபட்ச அளவுக்கு மாற்றிக் கணக்கிடுகிறது. எடை கொடுக்காத உரைப்புலம் திடீரென்று கீற்றாகச் சுருங்கிவிடுவது அதனால்தான். வளர வேண்டிய புலத்துக்கு எடை கொடுங்கள், குறைந்தபட்ச அளவையும் மனதறிந்து வையுங்கள்.

ஒரு சாளரத்தில் இடத்தை விழுங்கிக்கொள்ள உரைப்பெட்டி, பட்டியல் போன்ற ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து மிச்சத்தையெல்லாம் அதற்கே கொடுப்பது நல்ல பழக்கம். மடங்கும் பகுதிகள் தங்களுக்குத் தேவையான உயரத்தை எடுத்துக்கொள்ளட்டும். பொதுவான படிவங்களுக்கு இந்த ஒரு முடிவே போதும்.

அடுக்கு ஆழமாகும்போது நேரச் செலவும் கூடுகிறது. ஒவ்வொரு பெட்டியும் தன் குழந்தையை இரண்டு முறை அளந்தால், பத்து அடுக்குக்குக் கீழே இருக்கும் பொருள் 1024 முறை அளக்கப்படும். கேட்ட அகலத்தையும் கிடைத்த உயரத்தையும் சேமித்து வைத்துக்கொண்டால் இந்தப் பெருக்கம் அடங்கும். அதற்கும் மேலான வழி, தேவையில்லாத பெட்டிகளைக் குறைப்பது. வெறும் இடைவெளி விடுவதற்காக ஒரு பேனல், அதற்குள் இன்னொரு பேனல் என்று போவதில் லாபமில்லை. ஒவ்வொரு கூடுதல் பெட்டியும் அகலச் செய்தி அறுந்துபோகக்கூடிய இன்னோர் இடம்.

அளவு மாறும்போது திரை நடுங்குவதையும் பார்த்திருப்பீர்கள். அகலத்துக்கேற்ப வளர்கிற ஒரு படத்தை உருள்பெட்டியில் வைத்தால் இது நடக்கும். ஸ்க்ரோல் பார் இல்லாதபோது படம் அகலமாகி உயரமும் கூடுகிறது, பார் தேவைப்படுகிறது. பார் வந்ததும் அகலம் குறைந்து படம் சிறுத்துவிடுகிறது, பார் தேவையில்லை என்றாகிறது. வருவதும் போவதுமாக முடிவே இல்லை. மடங்கும் எழுத்தில் இந்தத் தொல்லை கிடையாது. குறுகினால் எழுத்து இன்னும் உயரமாகும், எனவே வந்த பார் வந்தபடியே நிற்கும். படம் உள்ள இடத்தில் ஸ்க்ரோல் பாருக்கு எப்போதும் இடம் ஒதுக்கிவைத்தால் நடுக்கம் நின்றுவிடும்.

தமிழில் பெயர் போடும்போது

நம்மவர்களுக்கு இது கூடுதல் அக்கறைக்குரிய விஷயம். ஆங்கிலத்தில் வடிவமைத்த சாளரத்தில் தமிழ் வரும்போது முதலில் உடைவது இத்தகைய இடங்கள்தான். ‘சேமி’, ‘திற’ போன்றவை எங்கும் அடங்கிவிடும். ‘விருப்பத்தேர்வுகள்’ அடங்காது. தமிழ்ச் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்வதால் மிக நீளமான சொல்லின் அகலமும் கூடுகிறது, அதனால் லேபிளின் குறைந்தபட்ச அகலமும் கூடுகிறது. மேலே இகரச் சுழியும் கீழே உகர வளைவும் வருவதால் வரி உயரமும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். 20 பிக்சல் என்று உயரத்தைக் கட்டிவைத்த லேபிளில் அந்தச் சுழிகளின் தலை வெட்டுப்படும்.

எத்தனை எழுத்து என்று எண்ணி, சராசரி அகலத்தால் பெருக்கி, இடத்தை ஊகிக்கிற நிரலும் தமிழில் தோற்கும். ‘கொடி’ நமக்கு இரண்டு எழுத்து, யூனிகோடு கணக்கில் நான்கு குறியீடு. அகலத்தை எழுத்தை வரைகிற பொறியிடமே கேட்க வேண்டும். க்யூடியிலும், ஜிடிகே பயன்படுத்துகிற பாங்கோவிலும், 9-ஆம் பதிப்பு முதல் ஜாவாவிலும் அந்த வேலையின் அடியில் இருப்பது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். அது தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் கோத்த பிறகு எவ்வளவு அகலம் என்று சரியாகச் சொல்லும். லேஅவுட் அந்தப் பதிலை மதித்தால் ‘விருப்பத்தேர்வுகள்’ தானே இடம்பிடித்துக்கொள்ளும்.

எங்கே அறுந்தது என்று தேடும் முறை

மடங்காத பட்டன் வரிசை ஒன்று உங்கள் முன்னால் இருக்கிறது என்றால், எந்த எண்ணையும் மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். சாளரத்திலிருந்து அந்த வரிசை வரை நடுவில் எத்தனை பெட்டிகள் இருக்கின்றன என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் திரையில் வேறு வேறு பின்னணி நிறம் கொடுங்கள். சாளரத்தைக் குறுக்குங்கள். நிறங்கள் ஒவ்வொன்றாகக் கூடவே குறுகும். குறுகாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற முதல் நிறம் எதுவோ, அதற்கு வெளியே இருக்கிற பெட்டிதான் அகலத்தை உள்ளே சொல்லவில்லை, அல்லது முடிவிலி என்று சொல்லிவிட்டது. உருள்பெட்டி, கிடைமட்ட அடுக்கு, ஆட்டோ நெடுவரிசை, மடங்காத லேபிள் ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருக்கும்.

எல்லா நிறங்களும் ஒழுங்காகக் குறுகுகின்றன, ஆனால் இரண்டாம் வரி வெட்டுப்படுகிறது என்றால் கோளாறு எதிர்த் திசையில். அகலம் உள்ளே போய்விட்டது, உயரம் வெளியே வரவில்லை. இப்போது உள்ளிருந்து வெளியே நடந்து வாருங்கள். அளக்கும் முறை ஒரே வரிக்குக் கணக்குப் போட்டிருக்கலாம். வெளிப்பெட்டி பழைய உயரத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு மறுபடி கேட்காமல் இருக்கலாம். முன்பு யாரோ திணித்த நிலையான உயரம் ஒன்று குறுக்கே நிற்கலாம். இப்படி எதுவாக இருந்தாலும் ஒரு பெட்டியின் அளவில் பிடிபட்டுவிடும்.

சரியாக்கிய பிறகு மூன்று சோதனைகளைச் செய்துவிட்டு எழுந்திருங்கள். சாளரத்தை முடிந்த அளவு குறுக்கியும் விரித்தும் பாருங்கள். எழுத்தளவை ஒன்றரை மடங்காக்கிப் பாருங்கள். எல்லாப் பெயர்களையும் நீளமான தமிழ்ச் சொற்களாக மாற்றிப் பாருங்கள். இந்த மூன்றிலும் ஒரு பட்டன்கூட மறையவில்லை என்றால், சின்னத் திரையில் வேலை செய்கிறவரும், கண்பார்வை மங்கியதால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறவரும், தாய்மொழியில் கணினியைத் திறக்கிறவரும் உங்கள் மென்பொருளை முழுமையாகப் பயன்படுத்த முடியும். லேஅவுட்டில் நாம் செலவழிக்கிற பொறுமை அவர்களுக்காகத்தான்.